சுரங்கத்துக்கு முன்பே கிணற்று நீரைப் பதிவு செய்ய உதவி வேண்டும்

எங்கள் பகுதியில் சுரங்கம் தோண்ட விண்ணப்பம் போயிருக்கிறது. குழிக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் இறங்கும். பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலம் கசியும். வெடிமருந்திலிருந்து நைட்ரேட்டும் நீரில் கலக்கும்.

இப்போதைய அளவுகள் கையில் இல்லாவிட்டால் "முன்பே அப்படித்தான்" என்று சுரங்க நிறுவனத்தினர் கைவிரித்துவிடுவார்கள். அதனால் மாதந்தோறும் நீர்மட்டம் எடுக்கிறோம்: மோட்டாரை நிறுத்தி, நீர் ஊறி நிலைத்த பிறகு, கிணற்று விளிம்பில் அதே பெயிண்ட் குறியிலிருந்து நாடா. நீரில் கரைந்த உலோகங்களைச் சோதிக்க எடுக்கும் புட்டியில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் (அமிலத்தன்மை அளவு) 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையேல் இரும்பு புட்டிச் சுவரில் படிந்து அளவு குறைத்துக் காட்டும். நைட்ரேட்டுக்குத் தனிப் புட்டி, ஐஸில்.

விரிசல் பாறையில் எவ்வளவு தூரத்துக் கிணறுகள் வரை சேர்க்கலாம்? நிறுவனத்தின் நிலத்தடி நீர்க் கணிப்பைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.