மனச்சான்றும் இரக்கமும்: அயர்லாந்து வாக்கெடுப்பு பற்றி உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (கோயில் சமூகத்தின்) இளையோருக்கு ‘மனச்சான்றோடு வாக்களிப்பது’ பற்றி அடுத்த மாதம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். எடுத்துக்காட்டாக அயர்லாந்தை வைத்திருக்கிறேன். கருவில் இருக்கும் குழந்தைக்குத் தாய்க்குச் சமமான வாழ்வுரிமை என்று 1983-இல் அந்நாட்டு மக்கள் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2012-இல் அங்கே வாழ்ந்த இந்தியப் பெண் சவிதா ஹலப்பனவர் கருச்சிதைவின்போது மருத்துவமனையில் இறந்தார். கருக்கலைப்பு கேட்டும் கிடைக்காத அந்தப் பெண்ணின் மரணம் நாட்டையே உலுக்கியது. 2018 மே 25 அன்று 66 விழுக்காட்டினர் அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தார்கள். அவர்களில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

என் நிலை இதுதான்: கருவும் உயிர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சவிதாவின் பெயரைச் சொல்லாமல் இந்த வகுப்பை எடுக்க என் மனம் ஒப்பவில்லை.

வாக்கெடுப்புக்குப் பிறகு அயர்லாந்து ஆயர் (பிஷப்) கெவின் டோரன், கருக்கலைப்பு நடக்க வேண்டும் என்றே நினைத்து ஆதரித்த கத்தோலிக்கர்கள் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்ய) வருவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். சரி, தாய் சாகக்கூடாது என்று மட்டும் நினைத்து வாக்களித்தவருக்கு நான் என்ன சொல்வது? கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்ததையும் சேர்த்துப் பேச நினைக்கிறேன்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடலின் 73-ஆம் பத்தி தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? தீமையை முழுதாகத் தடுக்க முடியாதபோது அதைக் குறைக்கும் சட்டத்தை ஆதரிக்கலாம் என்று வரும் பகுதி அது. அப்புறம், அன்று அயர்லாந்தில் இருந்தவர்கள், எந்தப் பக்கம் நின்றிருந்தாலும், உங்கள் பங்கில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று எழுதுங்கள். கருவை இழந்த ஒரு பெண் அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாம். அவரைக் காயப்படுத்தாமல் இதை எப்படிப் பேசுவது என்று பெண்கள் சொன்னால் மிகவும் நன்றியாக இருப்பேன்.