வண்டிச் சவாரிப் பந்தயத்தில் ஓடிய முரட்டு மாட்டை வண்டிக்குப் பழக்க வாங்கலாமா?

ஒட்டுசுட்டான்காரன்:
வணக்கம். முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன், மாடு வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். எங்கள் வண்டிச் சோடியில் வலப்பக்கம் பூட்டும் வலத்தன் போன மாரியோடு செத்துவிட்டது, இடப்பக்கம் பூட்டும் கிழட்டு இடத்தன் மட்டும் நிற்கிறது. 2022இல் டீசலுக்கு ஊரே வரிசையில் நின்றபோது வைக்கல், எரு, விறகு எல்லாம் அந்த வண்டியில்தான் வந்தது, அதனால் வண்டியைக் கைவிட மனமில்லை. இப்போது கிளிநொச்சிப் பக்கம் ஒருவர் தன் சவாரி மாட்டைத் தருகிறேன் என்கிறார். எட்டுப் பல்லும் சேர்ந்து முழுதாக வளர்ந்த மாடு, ஓட்டம் குறைந்துவிட்டது, குணமும் சரியில்லை. வாலில் கை பட்டால் பாய்கிறது, தெரியாத ஆள் கிட்டப் போனால் கொம்பைச் சரிக்கிறது, நுகத்தைக் கண்டதும் உடம்பு நடுங்குகிறது. விலை குறைவுதான். நான் வாங்காவிட்டால் இறைச்சிக்குப் போய்விடும், அதுதான் மனதை அரிக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நெடுங்கேணி:
தம்பி, பாவம் பார்த்து மட்டும் வாங்குவதென்றால் வேண்டாம். கொம்பு காட்டிப் பழகிய மாட்டுக்குப் பிள்ளை, பெரியவர் என்ற வித்தியாசம் தெரியாது. தனியாகப் பட்டி அடைத்துக் கட்ட இடம் இருக்கிறதா, முதல் மாதங்களில் கூட நிற்க இன்னொரு ஆம்பிளை இருக்கிறாரா? இரண்டும் இல்லையென்றால் சாதுவான ஒரு நாம்பனை (இளங்காளையை) வாங்கிப் பழக்குங்கள். காலம் எடுக்கும், ஆனால் பிள்ளைகள் முற்றத்தில் பயமில்லாமல் விளையாடலாம்.

முத்தையன்கட்டு:
நெடுங்கேணி அண்ணை சொல்வது சரி, ஆனால் நுகத்தைக் கண்டு நடுங்குகிறது என்றால் அது முரடு இல்லை, பயம். சவாரித் திடலில் நுகம் வைத்தால் அடுத்து என்ன வரும் என்று அந்த மாட்டுக்குத் தெரியும், கத்தல், தடியடி, வாலை முறுக்குதல். பயந்த மாட்டைத் திருத்தலாம். ஆளைத் தேடிவந்து முட்டுகிற மாட்டை நான் தொடமாட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க, நுகமும் வண்டியும் கண்ணில் படாத இடத்தில் மாட்டைக் கட்டச் சொல்லி, தீனி போட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தலையைக் குனிந்து சாப்பிட்டால் நம்பிக்கை உண்டு. பிறகு தோள்ப் பக்கமாக, அது காணும்படி கிட்டப் போங்கள், நேர் பின்னால் வருகிறவரை மாடு காணாது, அங்கிருந்து தொட்டால் எந்த மாடும் உதைக்கும். உடைமைக்காரர் வாலை அடியிலிருந்து நுனி வரை தடவிக் காட்டட்டும். முறுக்கி முறுக்கி எலும்பு விலகியிருந்தால் கையில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும், அப்படியென்றால் அந்தப் பாய்ச்சல் நோவினால்தான். மூக்குத் துளை கிழிந்திருக்கிறதா, கழுத்தில் பழைய புண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வவுனியா வடக்கு:
கால்நடைப் பக்கம் வேலை செய்தவன் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். மத்தியான வெயிலில் மாட்டை நடக்க வைத்துப் பாருங்கள். முன்பு கால்-வாய் நோய் (கோமாரி) வந்து தப்பிய சில மாடுகள் பிறகு வெக்கை தாங்காது, கொஞ்சம் நடந்தாலே மூச்சு இளைக்கும், உடம்பில் மயிரும் நீண்டு வளரும். அப்படிப்பட்டது வன்னி வெயிலில் பாரம் இழுக்காது, எவ்வளவு சாதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மற்றது தீனி. சவாரி மாட்டுக்கு உழுந்து, முட்டை என்று கொடுத்து வளர்த்திருப்பார்கள், அந்த முறுக்கோடு சும்மா கட்டினால் இன்னும் துள்ளும், அதற்காக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, வயிறு கெடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வைக்கலுக்கும் இலைகுழைக்கும் கொண்டுவாருங்கள். பந்தயக் குதிரைகளை வேறு வேலைக்குப் பழக்குகிறவர்களும் முதலில் சில வாரம் புல்வெளியில் சும்மாதான் விடுவார்கள். அருவி வெட்டு (நெல் அறுவடை) முடிந்த வயலில் உங்கள் கிழட்டு மாட்டோடு மேயவிட்டால் போதும், பழக்கமும் அங்கேயே தொடங்கும்.

ஒட்டுசுட்டான்காரன்:
நன்றி அண்ணைமார். பட்டிக்கு இடம் இருக்கிறது, தம்பியும் கூட நிற்பான். ஒன்று விட்டுப்போனது, இதுவும் இடத்தனாகவே ஓடிய மாடு. இரண்டு இடத்தனை எப்படிப் பூட்டுவது?

முத்தையன்கட்டு:
கிழட்டு மாட்டை வலத்துக்கு மாற்றுங்கள். அது சாது, உங்கள் குரலும் தெரியும், கொஞ்ச நாள் தடுமாறிவிட்டுப் பழகிவிடும். பயந்த மாட்டுக்கு நுகமும் புதிது, பக்கமும் புதிது என்று ஆக்கவேண்டாம். முதலில் வண்டியே வேண்டாம், வெறும் நுகத்தோடு வயலில் நடத்துங்கள், பிறகு ஒரு கட்டையை இழுக்க விடுங்கள், அதன் பிறகுதான் வெறும் வண்டி. சவாரி மாடு நேரே ஓடத்தான் பழகியது, திரும்பத் தெரியாது, அதனால் திருப்பத்தில் தம்பி தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்கட்டும். கத்தவேண்டாம், தடி எடுக்கவேண்டாம், வாலைத் தொடவே வேண்டாம். ஏ9 பெருந்தெருப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், பஸ் ஹோர்ன் அடித்தால் அது திடலென்றே நினைக்கும்.

வவுனியா வடக்கு:
மாவட்டம் விட்டு ஏற்றுகிறீர்கள், மறக்காமல் கடதாசி எடுங்கள். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டப்படி மாடு கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். அங்கத்தைய அரச கால்நடை வைத்தியரிடம் முதலில் போங்கள், மாட்டையும் அவரே பார்த்துவிடுவார். அவர் பார்க்குமுன் காசு கொடுக்காதீர்கள்.