பவுலா அப்துல்: சியர்லீடருக்கு நடுவர் நாற்காலி எப்படிக் கிடைத்தது?

மழைநாள்

குழு நண்பர்களே, யூடியூபில் அமெரிக்கன் ஐடல் பாட்டுப் போட்டியின் பழைய எபிசோடுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நடுவர்கள். ஒரு பக்கம் ராண்டி ஜாக்சன் ஜாலியாக ஏதோ சொல்கிறார், மறுபக்கம் சைமன் கவல் கடித்துக் குதறுகிறார். நடுவில் பவுலா அப்துல், எல்லாரையும் பாராட்டுகிறார். தேடிப் பார்த்தால் கல்லூரியில் படிக்கும்போது லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் சியர்லீடர் என்று போட்டிருக்கிறது. மைதானத்தில் பாம்பாம் ஆட்டினவருக்குப் பாட்டுப் போட்டியில் என்ன வேலை? சும்மா அழகுக்காக உட்காரவைத்தார்களா?

எட்டுக்கணக்கு

அழகுக்காக என்றால் எனக்குக் கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்தம்மாவின் வீடியோக்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவன்.

ஜெர்ரி பஸ் 1979இல் லேக்கர்ஸ் அணியை வாங்கிய பிறகு உருவாக்கிய சியர்லீடர் குழுதான் லேக்கர் கேர்ள்ஸ். மறு வருடமே பவுலா தேர்வுக்குப் போனார். அப்போது நார்த்ரிட்ஜில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. படித்தது ஒலிபரப்பு சம்பந்தப்பட்ட படிப்பு, அதையும் கவனியுங்கள். வந்த எழுநூறு பேரில் எடுக்கப்பட்டவர்களில் ஒருவர். ஒரே வருடத்தில் குழுவுக்கே தலைமை நடன அமைப்பாளர்.

அந்த வேலை எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆட்டம் நிற்கிற கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். நாலு பக்கமும் ஜனம். கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கண், விரல் எதுவும் தெரியாது, கையும் காலும் மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு கவுண்ட்டிலும் (தாள எண்ணிக்கையிலும்) கை டக்கென்று நிற்க வேண்டும், இழுபறி கூடாது. அங்கே பார்த்துவிட்டுத்தான் ஜாக்சன் சகோதரர்கள் (மைக்கேல் ஜாக்சன் குடும்பத்துப் பாட்டுக் குழு) 1984இல் தங்கள் வீடியோவுக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் அவர்களுடைய தங்கை, பாடகி ஜேனட். 1986இல் வந்த ‘நாஸ்டி’ வீடியோவைப் பாருங்கள்: தோள் திரும்புகிறது, நிற்கிறது, கை நீள்கிறது, நிற்கிறது. அது மைதானத்து ஓரத்தில் கற்ற கை. நடன அமைப்புக்கான எம்டிவி விருது 1987இல் அதற்குக் கிடைத்தது. டிரேசி உல்மனின் டிவி காமெடி நிகழ்ச்சிக்கு நடனம் அமைத்து 1989இல் டிவிக்கான எம்மி விருது. நடுவர் நாற்காலிக்கு வருவதற்கு 13 வருடம் முன்பே இதெல்லாம்.

பழைய கேசட்

எட்டுக்கணக்கு மாஸ்டர் பவுலா பாடியதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். குரல் பெரிய குரல் இல்லை, அதை நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் 1988இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து நாலு பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஆல்பம் முதலிடத்துக்கு ஏற 64 வாரம் ஆனது! இன்றைக்கு எந்தக் கம்பெனி அவ்வளவு நாள் பொறுக்கும்? ‘ஸ்ட்ரெய்ட் அப்’ கறுப்பு வெள்ளை வீடியோ, பின்னாளில் சினிமா இயக்குநரான டேவிட் ஃபின்சர் எடுத்தது, பாட்டுக்கு முன்னால் ஷூ சத்தத்தோடு டேப் நடனம் ஆடிக்கொண்டுதான் வருவார். கார்ட்டூன் பூனையோடு ஆடும் வீடியோவுக்கு இசைக்கான கிராமி விருது.

ஒரு பின்னணிப் பாடகி, பாதிக் குரல் என்னுடையது என்று வழக்கே போட்டார். 1993இல் ஜூரி பவுலா பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

மழைநாள்

சரி, அழகுக்காக என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் நடுவர் என்றால் குறை சொல்ல வேண்டாமா? இவர் எதற்கும் சிரிக்கிறாரே. இன்னொன்று, அப்துல் என்ற பெயர் எப்படி?

எட்டுக்கணக்கு

அப்பா சிரியாவில் அலெப்போவைச் சேர்ந்த யூதக் குடும்பம். அம்மா கனடாவில் பிறந்த யூதர்.

குறை சொல்லவில்லை என்று யார் சொன்னது? உற்றுக் கேளுங்கள். பாட்டு நன்றாக இருந்தால் பாட்டைப் பற்றிப் பேசுவார். சொதப்பினால் உடை, சிரிப்பு, தைரியம் என்று பேச்சு வேறு பக்கம் போகும். எதைப் பாராட்டவில்லை என்று பார்த்தாலே மார்க் தெரிந்துவிடும்.

சியர்லீடருக்கு அணி 20 பாயின்ட் பின்னால் கிடந்தாலும் கத்துவதுதான் வேலை. ஒத்திகையில் எனக்கும் அதே கதை. எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, கடைசி வரிசைப் பையன் இடப்பக்கம் திரும்புவான். “தப்பு” என்று மைக்கில் கத்தினால் அடுத்த எட்டு கவுண்ட்டுக்கு அவன் கையே எழும்பாது. “குதி சூப்பர்டா, அதே பலத்தோட இந்தப் பக்கம் குதி” என்றால் திரும்பிவிடுவான். சைமன் சொன்னதில் பல நேரம் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை மறுவாரம் மேடையேறிப் பாடவும் வேண்டுமே.

சிரிப்புக்குப் பின்னால் கஷ்டமும் இருந்தது. புலிமியா என்ற உணவுக் கோளாறோடு பல காலம் போராடி, 1994இல் சிகிச்சைக்குப் போனதை அவரே வெளியில் பேசியிருக்கிறார். உடம்பை எந்நேரமும் அளக்கிற தொழில் இது. என்னிடம் வரும் பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் முதலில் கேட்பதே “வெயிட் குறையுமா மாஸ்டர்?” என்றுதான். எரிச்சலாக வரும்.

பழைய கேசட்

2009இல் அவர் ஐடலை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு வந்த காமெடி நடிகை எலன் டிஜெனெரஸ் ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். 2011இல் அமெரிக்காவில் எக்ஸ் ஃபேக்டர் பாட்டுப் போட்டி ஆரம்பித்தபோது சைமனே பவுலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுவும் ஒரே சீசன்தான் என்பது வேறு விஷயம்.

மழைநாள்

நன்றி இருவருக்கும். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

எட்டுக்கணக்கு

‘நாஸ்டி’. முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கை எங்கெங்கே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள், எட்டெட்டாக.

பழைய கேசட்

ஜேனட் பாட்டைச் சத்தமில்லாமல் பார்க்கச் சொல்லும் இந்த மனுஷனை முதலில் குழுவிலிருந்து தூக்க வேண்டும்.