பதில்: ஃபுல் டிஸ்க் என்கிரிப்ஷன் – முழுவட்டுக் குறியாக்கம்?

> ‘முழுவட்டுக் குறியாக்கம்’ என்றே போட்டுவிடலாம். போனை மெதுவாக்கும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

வணக்கம் ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஃபுல் டிஸ்க் என்கிரிப்ஷன்’ (போனிலுள்ள தரவு முழுவதையும் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) என்பதற்குக் குறியாக்கம் வேண்டாமே. ஒருங்குறி பற்றி எழுதுகிறவர்கள் என்கோடிங்குக்கும் (எழுத்துகளை எண்களாகப் பதிவது) அதையே ஆள்கிறார்கள்; அதில் ஒரு முறையான யுடிஎஃப்-8 யாரிடமிருந்தும் எதையும் மறைப்பதில்லை. மறையாக்கம் இருக்கட்டும். வட்டும் இடிக்கிறது. போனுக்குள் சுழல்வது ஒன்றுமில்லை, ஃபிளாஷ் நினைவகம்தான். ஆகவே ‘முழுச்சேமிப்பக மறையாக்கம்’.

மெதுவாக்கும் என்பது 2014-இல் உண்மை. கூகுளின் நெக்சஸ் 6 போன் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்தபோது, வாங்கிய நாளிலிருந்தே மறையாக்கம் தானாக இயங்கியது. ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் கணக்கை மென்பொருளே போட்டது. அளந்தவர்களுக்குத் தரவைப் படிக்கும் வேகம் பாதிக்கும் கீழே போனது தெரிந்தது. பிறகு வந்த ஏஆர்எம்வி8 வகைப் போன் சில்லுகள் பெரும்பாலானவற்றில் ஏஇஎஸ்ஸுக்கென்றே கட்டளைகள் உண்டு. அவற்றில் வேறுபாடு கைக்குத் தெரியாது. ஐபோனில் 2009-இன் 3ஜிஎஸ் முதலே இதற்கென்று வன்பொருள் இருக்கிறது.

> விலை குறைந்த போன்களில்?

அங்கேதான் சிக்கல் நீடித்தது. கார்டெக்ஸ்-ஏ7 போன்ற சில்லுகளில் அந்தக் கட்டளைகள் கிடையாது. அதற்காகவே 2019-இல் கூகுள் அடியாண்டம் என்ற மறையாக்க முறையை வெளியிட்டது (பெயர் ஒரு பெரணிச்செடியுடையது). ஏ7-இல் இது ஏஇஎஸ்ஸைவிட ஏறக்குறைய 5 மடங்கு வேகம். எனவே ‘ஏஇஎஸ் கட்டளை இல்லாத பழைய சில்லுகளில் வேகம் குறையலாம்’ என்று மட்டும் எழுதுவோம். பொத்தாம்பொதுவாக எழுதினால், படிக்கிறவர் பயந்துபோய் மறையாக்கத்தை அணைக்க வழி தேடுவார்.

பட்டியலில் இன்னொரு பதிவும் தேவை. ஆண்ட்ராய்டு 7 முதல் கோப்புக்குக் கோப்பு தனிச் சாவியால் பூட்டுகிறார்கள். இதற்குக் ‘கோப்புவாரி மறையாக்கம்’. ‘வாரி’ தமிழா என்று யாராவது கேட்பீர்கள். மாவட்டவாரியாக என்று தினமும் எழுதுகிறோமே, அது போதும். இந்த வேறுபாடு பயனருக்கு நேரடியாகவே படும். முன்பு, தொடக்கத்திலேயே கடவுச்சொல் கேட்கும்படி வைத்த போன் இரவில் தானாக மறுதொடக்கமானால், அதை உள்ளிடும்வரை காலை அலாரம் அடிக்காது, அழைப்பும் வராது. கோப்புவாரியில் பூட்டைத் திறக்காமலே அலாரம் அடிக்கும்.

அப்புறம், ‘ஹார்டுவேர் ஆக்சலரேஷன்’ (ஒரு வேலையை அதற்கென்றே அமைந்த வன்பொருளால் வேகப்படுத்துவது) இன்னும் தொங்கலில் நிற்கிறது. ‘வன்பொருள் முடுக்கம்’ எனக்குச் சரியாகவே படுகிறது. இயற்பியல் முடுக்கத்தோடு குழம்பும் என்று சென்ற மடலில் சொன்னவர், மாற்றுச் சொல் ஒன்றும் தந்தால் இந்த வாரமே பட்டியலை மூடிவிடலாம்.