மெட்ராஸ் ரெஜிமென்ட்: முதல்ல எந்தப் பட்டாலியன்னு கேளுங்க

குன்னூரிலிருந்து, ஓய்வுபெற்ற சுபேதார்

"எங்க தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்று சொல்லி அவருடைய ராணுவப் பணி விவரம் கேட்பவர்கள் நிறைய. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் தேட முடியாது. எந்தப் பட்டாலியன் என்பதுதான் முதல் கேள்வி. ரெஜிமென்ட் என்பது பொதுப் பெயர், அதற்குள் இருக்கும் தனித்தனிப் படைகள்தான் பட்டாலியன்கள். ஒரு சிப்பாய்க்கு வீடு அவனுடைய பட்டாலியன். எழுச்சி நாள் (படை தொடங்கிய நாள்), போர் விருது நாள், கோயில் திருவிழா, பரா கானா (எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) எல்லாம் பட்டாலியனுக்குப் பட்டாலியன் வேறுபடும்.

கையில் இருக்கும் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். பணி முடிந்து வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் இருந்தால் ராணுவ எண், பதவி, பட்டாலியன் மூன்றும் அதிலேயே இருக்கும். அது தொலைந்திருந்தால் பென்ஷன் ஆணை. ஜேசிஓ (நாயப் சுபேதார், சுபேதார் போன்ற பதவி) ஆனவருக்கு எண் மாறிவிடும், முன்னால் 'ஜேசி' என்று வரும். சிப்பாயாக இருந்தபோது இருந்த எண் வேறு. ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு விசாரித்து எழுதும்போது இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி பணிக்காலம் விடுபட்டுப் பதில் வரும். 'ஜமேதார்' என்று போட்டிருந்தால் அது 1965-க்கு முந்திய காகிதம். அதன் பிறகு அந்தப் பதவிக்கு நாயப் சுபேதார் என்று பெயர்.

காகிதமே இல்லையென்றால் பதக்கம். சுதந்திர இந்தியாவின் பதக்கங்களில் முன்பக்கம் பார்ப்பதைவிட விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். தயவுசெய்து பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். மெல்லிய காகிதத்தை விளிம்பில் சுற்றிப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தெரியும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார் போன்ற பதக்கங்களில் பின்பக்கத்தைப் பாருங்கள், இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் அதை வைத்து 'பர்மா களத்தில் பணி' என்பது வரை சொல்லலாம், பட்டாலியனைச் சொல்ல முடியாது. பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார் இருந்தால் 1971 போர். முதலாவது கிழக்கு முனை, மற்றது மேற்கு முனை. சமர் சேவா ஸ்டார் 1965.

•

சென்னையிலிருந்து, பழைய படைப்பட்டியல்கள் படிப்பவர்

சுபேதார் ஐயா சொன்னது சுதந்திரத்துக்குப் பிந்தியவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். கொள்ளுத்தாத்தா காலத்தைத் தேடுபவர்கள் எண் மாற்றத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

1903-இல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி கிச்சனரின் சீர்திருத்தத்தின்போது மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 13 என்றிருந்தது 73-ஆவது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி (காலாட்படை) ஆனது, 19 என்றிருந்தது 79, 23 என்றிருந்தது 83-ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. ஆகவே 1890-இல் '19 மெட்ராஸ்' என்றும் 1914-இல் '79 கர்நாடிக்' என்றும் இரு காகிதங்கள் கிடைத்தால் இரண்டும் ஒரே படை. தாத்தா படை மாறினார் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிட வேண்டாம்.

1922-இல் இவற்றில் சிலவற்றைச் சேர்த்து 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆக்கினார்கள். காகிதத்தில் '1/3 மெட்ராஸ்' என்று இருந்தால் மூன்றாவது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் என்று படிக்க வேண்டும். 1928-க்குள் அதன் பட்டாலியன்களைச் செலவுச் சுருக்கம் என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள். நூற்று எழுபது ஆண்டு வரலாறு உள்ள படையைக் கணக்குப் புத்தகம் பார்த்துக் கலைத்தது பெரிய அநியாயம் என்பதே என் எண்ணம். தென்னிந்தியர் போர்க்குலம் இல்லை என்ற அந்தக் கால வெள்ளைக்கார நம்பிக்கையும் அதன் பின்னால் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் அதே ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள், பர்மாவில் சண்டை போட்டது. ஆகையால் 1930-களின் நடுவில் 'மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெகுலர் பட்டாலியன்' என்று யாராவது சொன்னால் ஆண்டையோ படையையோ மறுபடி சரிபாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய மெட்ராஸ் பட்டாலியன்கள் பலவற்றில் எண்ணையும் கொடியையும் வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றி, பஞ்சாபிகள் ஆக்கிவிட்டார்கள். 1759-இல் திருச்சிராப்பள்ளியில் எழுப்பியது 62-ஆவது பஞ்சாபிஸ் ஆகி, இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் ரெஜிமென்டில் இருக்கிறது. 1761-இல் அதே திருச்சியில் எழுப்பியது 67-ஆவது பஞ்சாபிஸ் ஆகி இந்தியாவின் பஞ்சாப் ரெஜிமென்டுக்கு வந்தது. அந்த ரெஜிமென்டின் சின்னம் கப்பல். கடல் கடந்து போய்ப் போரிட முன்வந்ததற்காக 69-ஆவது பஞ்சாபிஸுக்குக் கிடைத்தது. 69-உம் பழைய மெட்ராஸ் படைதான். எல்லையின் இரு பக்கமும் திருச்சியில் பிறந்த படைகள் நிற்கின்றன!

•

நாகர்கோவிலிலிருந்து

தொடங்கிய ஆண்டு ரெஜிமென்ட் 1758 என்கிறது, அதன் 9-ஆவது பட்டாலியனான 9 மெட்ராஸ் மட்டும் 1704 என்கிறதே, எது சரி என்று இங்கே அடிக்கடி கேட்பார்கள். இரண்டும் சரி. 9 மெட்ராஸ் திருவிதாங்கூர் அரசப் படையிலிருந்து வந்தது. பத்மநாபபுரத்தில் 1704-இல் எழுப்பப்பட்டதாக அதன் கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானப் படைகளைச் சேர்த்தபோது திருவிதாங்கூரின் முதலாவது நாயர் இன்ஃபன்ட்ரி 9 மெட்ராஸ் ஆனது. 16-உம் திருவிதாங்கூர்தான், 17 கொச்சி, 18 மைசூர். அந்தப் பட்டாலியன்களில் தாத்தா 1940-களில் இருந்தார் என்றால் அப்போதைய காகிதத்தில் 'மெட்ராஸ்' என்ற சொல்லே இருக்காது. சமஸ்தானத்தின் பெயரில் தேடுங்கள்.

1741-இல் குளச்சலில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. அந்த வெற்றித்தூண் குளச்சலில் இருக்கிறது. ஜூலை 31 அன்று ரெஜிமென்டின் ஆட்கள் வந்து மலர்வளையம் வைப்பார்கள். அங்கே வருபவர்கள் அப்படியே உதயகிரிக் கோட்டைக்கும் போய்விட வேண்டும், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. குளச்சலில் பிடிபட்ட டி லனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாகி, சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார். 1777-இல் இறந்தார். கல்லறை உள்ளே இடிந்த தேவாலயத்தில் இருக்கிறது, கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். பலர் கோட்டை வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

•

வேலூரிலிருந்து

சின்னத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். தொப்பிச் சின்னத்தில் யானை, அசாயே யானை. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் அசாயே என்ற ஊரில் 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியரோடு நடந்த சண்டையில் நின்ற மெட்ராஸ் படைகளுக்குக் கிடைத்த மரியாதை அது. அன்று தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு. குன்னூர் பக்கத்து ஜக்கதளா பாசறைக்கு அவர் பெயரை வைத்தார்கள். ரெஜிமென்ட் மையம் இன்று இருப்பது அதே வெலிங்டனில்.

தொப்பி, சின்னம் எல்லாம் அலங்காரம்தானே என்பவர்கள் 1806-ஐப் படிக்க வேண்டும். தோல் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடி மழிப்பு என்ற உத்தரவுகள்தான் ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்தன. அதில் கலந்த படைகளைக் கலைத்தார்கள். சிப்பாயின் தலையில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை.

'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது இந்த ரெஜிமென்டின் போர் முழக்கம். ஆனால் 'தம்பி' என்ற அழைப்பை வைத்து மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று முடிவு கட்டாதீர்கள். பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்களையும் தம்பி என்றுதான் அழைப்பார்கள். அவர்கள் 1780-இல் தொடங்கிய பொறியாளர் படை, காலாட்படை இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்கு எழுதினால் மாதங்கள் வீணாகும்.

•

மறுபடி குன்னூர்

வேலூர்க்காரர் சொன்னதோடு இன்னும் இரண்டு குழப்பங்கள். 1 மெட்ராஸ் 1979-இல் இயந்திரக் காலாட்படைக்கு மாறி அதன் முதல் பட்டாலியன் ஆனது. அதன் பிறகு அந்தப் பட்டாலியனிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் மையம் அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்). அடுத்தது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ், பல ரெஜிமென்டுகளிலிருந்து ஆட்களை அனுப்பிச் சேர்க்கும் படை. தமிழ்நாட்டுக்காரர் என்பதால் மேஜர் முகுந்த் வரதராஜன் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் ராஜ்புத் ரெஜிமென்ட், பணியில் இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்குப் போனாலும் தாய் ரெஜிமென்ட் மாறாது. தேடலை அங்கேதான் தொடங்க வேண்டும்.

கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக் நகல், வாரிசுச் சான்று, ஆதார் நகல் கையில் இருந்தால் எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார்கள்.

•

சென்னையிலிருந்து

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் சிறந்த வழி, இரு உலகப் போர்களுக்கும் உண்டு. நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். முனியசாமி என்பது நாலைந்து விதமாக இருக்கும். பெயரில் கிடைக்காவிட்டால் படைப்பிரிவின் பெயரை மட்டும் போட்டு, இறந்த ஆண்டை வைத்து வடிகட்டுங்கள். கூடுதல் விவரத்தில் அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் பெரும்பாலும் இருக்கும். மாவட்டம் அந்தக் காலத்து மாவட்டம்: வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம், சேலம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

பர்மாவில் கல்லறை இல்லாமல் போனவர்கள் தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் இருப்பார்கள், கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்தவர்களுக்கு பாஸ்ரா நினைவிடம். அங்கே இந்தியச் சிப்பாய்களின் பெயரைச் செதுக்காமல் படைப்பிரிவையும் எண்ணிக்கையையும் மட்டும் போட்டார்கள். கல்லின் புகைப்படத்தில் பெயர் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், பட்டியலில் பெயர் இருக்கிறது. பட்டியலில் உள்ள எண்ணைப் பதக்க விளிம்பின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே இவர்தான் என்று முடிவு செய்யுங்கள். ஒரே படையில் மூன்று முனியசாமிகள் இருப்பது சாதாரணம்.