உபுண்டு 18.04 சர்வர்: இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துவதா, வேண்டாமா?

அம்பத்தூர்_பட்டறை
தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் உதிரிபாகப் பட்டறையின் கணக்கும் சரக்கிருப்பும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. இயங்குதளம் உபுண்டு 18.04, நிரல் மொழி பிஎச்பி 7.2, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 10. மென்பொருளை எழுதிக்கொடுத்தவர் இப்போது இத்தொழிலிலேயே இல்லை. 18.04க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் ஒருவரின் பாதுகாப்புச் சோதனையில் குறை குறித்திருக்கிறார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை. அந்த ஒரு நாளில் பிந்தைய பதிப்பான 22.04க்கு மாறிவிட முடியுமா?

பெரம்பூரான்
முடியும். ஒரு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப்) பதிப்பைத் தாண்டி அடுத்ததற்கு நேரடியாகப் போக வழியில்லை என்பதால் முதலில் 20.04, பிறகு 22.04 என இரண்டு படிகளாகச் செல்ல வேண்டும். வட்டை முழுமையாக நகலெடுத்துக்கொண்டு காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடிந்துவிடும். புதிய இயந்திரத்தில் முதலிலிருந்து நிறுவுங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பல ஆண்டுகளாக யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியாத சர்வரில், எங்கோ ஒரு மூலையில் இருக்கும் க்ரான் வேலையோ (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) பிரிண்டர் அமைப்போ விட்டுப்போய், அது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

வேளச்சேரி_தரவு
பெரம்பூரான் சொன்ன வழியில் எனக்கு உடன்பாடில்லை. மேம்படுத்திய பிறகும் பழைய போஸ்ட்கிரெஸ் 10 அதே தரவோடு தொடர்ந்து ஓடும். ஆனால் அதற்கு அடியில் இருக்கும், இயங்குதளத்தின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சி நூலகம் 2.27இலிருந்து 2.35க்கு மாறிவிடும். இடையில் வந்த 2.28இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியே மாறியது. ‘11’, ‘1-1’ என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய விதிப்படி 11 முன்னால் வரும், புதிய விதிப்படி 1-1 முன்னால் வரும். உங்கள் பாக எண்களில் இடைக்கோடு இருக்குமானால், பழைய வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸ் என்னும் தேடுபட்டியலைப் புதிய விதியோடு தேடும்போது, அட்டவணையில் இருக்கும் பாகத்தையே ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். அப்படி இல்லை என்று நம்பி, ஒரே எண்ணை இரண்டாவது முறையும் பதிய விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

பெரம்பூரான்
உண்மைதான், தரவுத்தளம் மொழி விதிகளைப் பாராத ‘சி’ வரிசைமுறையில் உருவாக்கப்படவில்லை என்றால் இந்தச் சிக்கல் வரும். ஆனால் பட்டறை திறக்குமுன் இண்டெக்ஸைப் புதிதாக அடுக்கும் ரீஇண்டெக்ஸ் கட்டளையை ஓட்டினால் தீர்ந்துவிடும். இதற்காக வழியையே மாற்றச் சொல்வது சரியாகப் படவில்லை.

வேளச்சேரி_தரவு
எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன், அதற்கு நீங்கள் மருந்து சொன்னீர்கள். தெரியாதவற்றை என்ன செய்வது? 22.04இல் வருவது பிஎச்பி 8.1. அதில் நீக்கப்பட்ட ‘ஈச்’ போன்ற கட்டளைகள் இருந்தால், நிரல் ஓடும்போதே நின்றுவிடும். அதனால் எங்கே பழுது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வெற்று உரையைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் 7.2 ‘சமம்’ என்னும், 8.0 முதல் ‘சமமில்லை’ என்னும். அளவை நிரப்பாமல் விட்ட வரியை இதுவரை தள்ளிவிட்டு வந்த நிரல், இனி அதையும் ஒரு பதிவாக ஏற்றுக்கொள்ளலாம். எழுதியவரே இல்லாத நிரலில், பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டி விடைகளை ஒப்பிடாமல் இதை எப்படிப் பிடிப்பீர்கள்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அது நடக்கவே நடக்காது.

மாம்பலம்_மூத்தவர்
ஓடுகிற சர்வரில் ஏன் கைவைக்க வேண்டும்? உபுண்டு ப்ரோ என்னும் நீட்டித்த ஆதரவுத் திட்டத்தில் சேர்த்தால் 18.04க்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சோதனைக்காரர்களுக்கு அதையே பதிலாகக் கொடுக்கலாம். பிஎச்பி 7.2ஐ டாக்கர் என்னும் தனிப் பெட்டகத்தில் அடைத்துப் புதிய இயங்குதளத்தில் வைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். பிஎச்பி 7.2இன் மூல வெளியீட்டாளர்கள் (உபுண்டு அல்ல) 2020 நவம்பரிலேயே திருத்தங்களை நிறுத்திவிட்டார்கள்.

வேளச்சேரி_தரவு
ஐயா சொல்வதை இன்றைக்கே செய்யலாம். அது அவகாசம் வாங்கித் தரும். ஆனால் 2028இலும் இதே நிரல்தான் இருக்கும், அதைப் புரிந்தவர்கள் இன்னும் குறைந்திருப்பார்கள்.

பெரம்பூரான்
ஒப்பிட வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்குப் புதிதாக நிறுவத் தேவையில்லை. வட்டின் நகலை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் ஓடும் கணினியில்) ஏற்றி, அந்த நகலை இரண்டு படிகளாக மேம்படுத்துங்கள். க்ரானும் விட்டுப்போகாது, அசலும் தொடப்படாது.

அம்பத்தூர்_பட்டறை
அப்படியானால் இன்றே ப்ரோவில் சேர்த்துவிடுகிறேன். இந்த ஞாயிறு நகலெடுப்பு மட்டும். சென்ற மாத இருப்பு அறிக்கையை இரண்டிலும் எடுத்து வரிக்கு வரி பார்க்கிறோம். மென்பொருளை எழுதியவர் இல்லாவிட்டாலும் பதினைந்து ஆண்டுகளாக இருப்பைப் பார்க்கும் அக்கா இருக்கிறார். எந்த எண் தவறு என்று அவருக்குத் தெரியும்.

வேளச்சேரி_தரவு
நகலை முதன்முறை இயக்குமுன் அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். அதிலும் அதே க்ரான் வேலைகள்தான் இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொரு பில்லும் இரண்டு முறை மின்னஞ்சலில் போய்ச் சேரும்.