செப்டிக் டேங்க் மரணம்: கோர்ட் சொன்னால் அரசு கேட்குமா?

வைகைக்கரை:
எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தனியார் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துவிட்டார். பிணவறை வாசலிலேயே கான்ட்ராக்டர் இரண்டு லட்சத்தை நீட்டி, வெற்றுத்தாளில் அண்ணியிடம் கையெழுத்து கேட்டார். அண்ணி போடவில்லை. உச்ச நீதிமன்றம் 30 லட்சம் தரச் சொல்லியிருக்கிறதாமே? சட்டம் போடுவது நாடாளுமன்றம்தானே, கோர்ட் சொன்னால் அரசு கேட்குமா?

மாடக்குளம்:
2023 அக்டோபர் தீர்ப்பு அது. 10 லட்சத்தை 30 ஆக்கினார்கள். ஆனால் தானாக வீடு தேடி வராது, அலையத்தான் வேண்டும்.

கருப்புக்கோட்டு:
அண்ணி கையெழுத்துப் போடாதது ரொம்ப நல்லது. இந்த மாதிரி குடும்பங்களுக்காக வழக்காடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மனிதர் கையால் மலம் அள்ளக் கூடாது என்று 1993லேயே சட்டம் வந்தது. மாநிலங்கள் கண்டுகொள்ளவில்லை. 2003ல் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2013ல் புதுச் சட்டம் வந்தது. சாக்கடை, செப்டிக் டேங்கில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதும் குற்றமானது. 2014 மார்ச் 27ல் நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, 1993 முதல் சாக்கடையில் இறந்த அத்தனை பேரின் குடும்பத்தையும் கண்டுபிடித்துத் தலா 10 லட்சம் கொடு என்றது. என்னைக் கேட்டால் பெரிய மாற்றமே இதுதான். அதுவரை யார் கணக்கிலும் வராத சாவுகளை அரசு எண்ண வேண்டியதாயிற்று. எண்ணிக்கை வந்த பிறகுதான் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது. அதே சமயம், சாவு நிற்கவில்லை. கோர்ட்டால் பணம் கொடுக்க வைக்க முடிகிறது, இயந்திரம் வாங்க வைப்பது இன்னும் போராட்டம்தான்.

தனியார் கட்டடம் என்று தட்டிக்கழித்தால் மும்பை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவைக் காட்டுங்கள். அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு வேலைக்கு வைத்தவரிடம் வசூலிக்கட்டும் என்றார்கள். எஃப்ஐஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள்?

வைகைக்கரை:
சந்தேக மரணம் என்று மட்டும் இருக்கிறது அக்கா.

கருப்புக்கோட்டு:
அதை விடாதீர்கள். 2013 சட்டப் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லி எஸ்பிக்கு எழுத்தில் கொடுங்கள். அண்ணன் பட்டியல் சாதி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் அண்ணி பெயரில் இழப்பீட்டு மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை நகலையும் கேட்டு வாங்குங்கள்.